எதிரிக்குச் சாதகமான கடுதாசி யார் பீரோவில்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்றைய தினம் என்னைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம், கிரிமினல் கேசுகளில் எதிரிக்குச் சாதகமாயிருக்கக்கூடிய ருஜுக்களைக் கம்ப்யூட்டர் சாப்ட்வேரைக் கொண்டு தேடி எடுப்பது என்பதைப் பற்றியதாகும். எதிரி என்றால் கோர்ட்டுப் பாஷையில் குற்றஞ்சாட்டப்பட்டவன் என்று அர்த்தம். வேறு விதமாக நினைத்துக் கொள்ளாதீர்கள். நான் சட்டம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்திலும் அதிக காலம் உட்கார்ந்தவனல்ல. தீர்ப்புகளை வாங்கி, தெரியாத வார்த்தைக்கு அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். அதில் உங்கள் புத்திக்குச் சரியென்று படாததை இந்தத் திண்ணையிலேயே விட்டு விட்டுப் போகலாம்.

கேஸ் என்றால் இரண்டு பயில்வான்கள் கோதாவில் இறங்குவது போலவும், ஜட்ஜ் நடுவில் நின்று பார்ப்பது போலவும் நம் ஜனங்கள் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பயில்வானுக்குப் போலீஸ் இருக்கிறது, ரசாயனப் பரிசோதனைசாலை இருக்கிறது, வீட்டுக்குள் புகுந்து எதையும் எடுத்து வர அதிகாரம் இருக்கிறது. மற்றொரு பயில்வானோ லாக்கப்பில் கிடக்கிறான். அவனுடைய டெலிபோனைக் கூட முதல் பயில்வானே வாங்கி வைத்துக் கொண்டிருக்கிறான். சரி, அவ்வளவு சாமான்களையும் வாரிக் கொண்டு வருகிறார்களே, அந்தக் குவியலில் எல்லாமே எதிரிக்கு விரோதமாகத்தான் இருக்குமா? அவன் குற்றவாளியல்ல என்று காட்டக்கூடிய ஒரு கடுதாசியும் அதிலேயே இருக்கலாமல்லவா? இருந்தால், அது யார் பீரோவில் இருக்கும்? அவனைத் தூக்குக்கு அனுப்ப வேண்டுமென்று கோர்ட்டில் நின்று வாதாடுகிறவர் பீரோவில்தான் இருக்கும்! இன்றைய பேச்சுக்கு வேர் இதுதான்.

இந்த விஷயத்தைப் பற்றி அமெரிக்கா தேசத்து சுப்ரீம் கோர்ட்டு 1963ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. மேரிலாந்து ராஜ்யத்தில் பிரேடி என்பவரும் அவருடைய கூட்டாளி ஒருவரும் 1958இல் நடந்த ஒரு கொலைக்காகத் தனித்தனியே விசாரிக்கப்பட்டார்கள். கொள்ளையில் சேர்ந்தது உண்மை, ஆனால் கொன்றது நானல்ல, கூட்டாளிதான் என்று பிரேடி சொன்னார். அவருக்கு மரண தண்டனை விதித்தாய்விட்டது. பிறகு பார்த்தால், நான்தான் கொன்றேன் என்று அந்தக் கூட்டாளியே கொடுத்த வாக்குமூலம் ஒன்று சர்க்கார் தரப்பின் கட்டுக்குள் இருந்திருக்கிறது! பிரேடியின் வக்கீல் கூட்டாளியின் வாக்குமூலங்களைக் காட்டும்படி கேட்டும் இந்த ஒன்று மட்டும் அவர் கண்ணில் படவில்லை. குற்றத்தைப் பற்றியோ தண்டனையைப் பற்றியோ முக்கியமாயுள்ள சாதகமான ருஜுவை எதிரிக்குக் கொடுக்காமல் நிறுத்தினால் அது நியாய விசாரணையல்ல, கெட்ட எண்ணத்தோடு நிறுத்தினாலும் நல்ல எண்ணத்தோடு நிறுத்தினாலும் ஒன்றுதான் என்று கோர்ட்டு முடிவு செய்தது. அது முதல் அந்தத் தேசத்தில் இப்படிப்பட்ட ருஜுவுக்குப் பிரேடி சாமான் என்றே பெயர் வந்துவிட்டது. 1972இல், சாட்சிக்கு ஏதாவது சலுகை தருவதாகச் சொல்லியிருந்தால் அதையும் எதிரிக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பட்டது. 1995இல், போலீசார் கையிலிருப்பது எனக்குத் தெரியாது என்று சர்க்கார் வக்கீல் தப்பிக்கக் கூடாது, கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டியது அவர் கடமை என்றும் ஏற்பட்டது.

எழுத்தில் இவ்வளவும் அழகாகத்தானிருக்கிறது. நடப்பு என்ன? டெக்ஸாஸ் ராஜ்யத்தில் மைக்கேல் மார்ட்டன் என்பவரின் மனைவி 1986 ஆகஸ்டில் படுக்கையிலேயே அடித்துக் கொல்லப்பட்டாள். புருஷன்தான் கொன்றான் என்று கேஸ். 1987இல் ஆயுள் தண்டனை. அப்பொழுது போலீசார் கட்டில் என்ன இருந்தது? அந்தத் தம்பதிகளின் 3 வயதுப் பிள்ளை கொலையைப் பார்த்திருக்கிறான். அடித்தது ஒரு பூதம் என்றும், அப்பா அப்போது வீட்டில் இல்லை என்றும் குழந்தை சொன்னதாக, கொலையுண்ட பெண்ணின் தாயாரே போலீஸ்காரரிடம் சொன்ன பேச்சு எழுத்தில் இருந்தது. தன் மகளைக் கொன்றவன் மருமகனல்ல என்று மாமியாரே சொல்லுவதை விடப் பெரிய சாட்சி வேண்டுமா? வீட்டுக்குப் பின்னால் ஒரு பச்சை வண்டியை நிறுத்திவிட்டு ஒருவன் தோப்புக்குள் போனதைப் பார்த்ததாக அக்கம்பக்கத்தார் சொன்ன குறிப்பும் இருந்தது. இவை எதிரியின் வக்கீல் கையில் சேரவில்லை. மனிதன் ஏறக்குறைய 25 வருஷம் ஜெயிலில் இருந்தார். 2011இல், வீட்டுக்குச் சற்றுத் தூரத்தில் கிடைத்த ஒரு கைக்குட்டைத் துணியை டி.என்.ஏ. பரிசோதனை செய்ததில் வேறொருவன் அகப்பட்டுக் கொண்டான், மார்ட்டன் விடுதலையானார். அந்த வேறொருவன் இடையில் சும்மா இருந்தானா? 1988இல் இன்னொரு பெண்ணையும் கொன்றிருக்கிறான்! ஆகவே, எதிரிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் கெட்டது எதிரி மாத்திரமல்ல. நிரபராதி உள்ளே, கொலைகாரன் வெளியே என்றால், அந்த இரண்டாவது பெண்ணின் உயிருக்கு யார் ஜவாப்தாரி? கேஸை நடத்திய சர்க்கார் வக்கீல் இதற்குள் ஜட்ஜாகவே ஆகியிருந்தார். 2013இல் அவருக்கு விதிக்கப்பட்ட ஜெயில் 10 நாள், வக்கீல் சன்னத்தும் போயிற்று. 25 வருஷத்துக்கு 10 நாள்! கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள். அதே வருஷம் அந்த ராஜ்யத்தில் மார்ட்டன் பெயராலேயே ஒரு சட்டம் செய்து, கட்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள்.

இது எங்கோ ஒன்று நடந்தது என்று சொல்லிவிட முடியாது. தண்டிக்கப்பட்டுப் பிறகு நிரபராதிகளென்று விடுதலையானவர்களின் கணக்கை அமெரிக்காவில் ஒரு பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். முதல் 2,400 பேர்களின் கேசுகளை எடுத்துப் பார்த்து 2020இல் ஒரு ரிப்போர்ட்டு வெளியிட்டார்கள். அதில் 100க்கு 44 கேசுகளில் எதிரிக்குச் சாதகமான ருஜு மறைக்கப்பட்டிருந்ததாகக் காணப்படுகிறது.

இனி சாப்ட்வேருக்கு வருவோம். மறைக்கிறவர்கள் எல்லாரும் அயோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிரேடி தீர்ப்பே அப்படிச் சொல்லவில்லை. முன்காலத்தில் ஒரு கொலைக் கேஸ் கட்டு என்றால் ஒரு குமாஸ்தா கக்கத்தில் இடுக்கிக் கொண்டு போகிற அளவுதான். இன்று ஒரு மனிதனுடைய டெலிபோனை எடுத்தால் அதற்குள் அவன் 10 வருஷம் பேசியது, சிரித்தது, சண்டை போட்டது, படம் பிடித்தது எல்லாம் இருக்கிறது. லண்டனிலுள்ள கிராய்டன் கோர்ட்டில் 2017 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு வாலிப மாணவர் மேல் பலாத்காரக் கேஸ். ஏறக்குறைய 2 வருஷம் ஜாமீனில் காத்துக் கிடந்தார். விசாரணையும் ஆரம்பமாகிவிட்டது. அப்பொழுதுதான் புகார் செய்த பெண்ணின் டெலிபோனிலிருந்து போலீசார் எடுத்து வைத்திருந்த சுமார் 40,000 செய்திகள் எதிரி வக்கீலின் கைக்கு வந்தன. ராத்திரி பூராவும் உட்கார்ந்து படித்ததில், குற்றச்சாட்டுக்கு நேர் மாறான செய்திகள் அவற்றில் இருந்தன. கேஸ் கைவிடப்பட்டது. 40,000 செய்திகளைப் படிக்க அந்தப் போலீஸ்காரருக்கு எவ்வளவு நாள் பிடிக்கும்? அவர் மேஜையில் இன்னும் எத்தனை கேஸ்? இயந்திரத்தின் உதவியில்லாமல் இனி இந்தக் காரியம் முடியாது என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். இயந்திரத்தைக் கண்டு முகஞ்சுளிக்கிற கூட்டம் நாமல்ல.

ஆனால் இயந்திரம் எப்படித் தேடுகிறது என்று தெரிந்து கொள்ளாமல் அதன் காலில் விழுவதற்கும் நாம் தயாராயில்லை. முதல் முறை, வார்த்தையைக் கொடுத்துத் தேடுவது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ரெயில் விபத்து ஒன்றைப் பற்றிய வழக்கில் சுமார் 40,000 தஸ்தாவேஜுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வக்கீல்கள் தேடினார்கள். வேண்டியதில் 100க்கு 75 பங்கு கிடைத்துவிட்டது என்பது அவர்களுடைய நம்பிக்கை. பிளேர், மேரன் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் பரிசோதித்து 1985இல் வெளியிட்டார்கள். கிடைத்திருந்தது 100க்கு 20 பங்குதான்! ஏன் இப்படி? விபத்து என்ற வார்த்தையைப் போட்டுத் தேடினால், அதை விபத்து என்று எழுதியவன் கடுதாசிதானே வரும்? கம்பெனிக்காரன் அதை விபத்து என்று எழுதுவானா? சம்பவம் என்பான், அந்தப் பிரச்சினை என்பான், நீங்கள் போன கடிதத்தில் எழுதிய விஷயம் என்பான். நம் ஊரில் கடன் கேட்கப் போகிறவன் கடன் என்ற வார்த்தையை வாயில் எடுக்கிறானா? ஒரு சின்ன ஒத்தாசை என்கிறான். சாப்ட்வேருக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது.

இரண்டாவது முறை புதிது. மனிதர் சில நூறு தஸ்தாவேஜுகளைப் படித்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று அடையாளம் போட்டுக் கொடுக்கிறார். வேண்டும் என்றவற்றில் எந்தெந்த வார்த்தைகள் சேர்ந்து சேர்ந்து வருகின்றன என்று சாப்ட்வேர் கணக்குப் பார்த்துக் கொண்டு, மீதி லட்சக் கணக்கானவற்றையும் அதே தராசில் நிறுத்து, இது முதலில் படிக்க வேண்டியது, இது கடைசியில் என்று வரிசைப்படுத்துகிறது. சிவில் வழக்குகளில் இதை அமெரிக்கக் கோர்ட்டு 2012இலும், இங்கிலீஷ் கோர்ட்டு 2016இலும் ஒப்புக் கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் பெரிய மோசடிகளை விசாரிக்கிற சர்க்கார் ஆபீஸ் ஒன்றில், ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி லஞ்சக் கேசில் 3 கோடி தஸ்தாவேஜுகள் சேர்ந்தன. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடந்த ரகசியக் கடிதங்களைப் பிரிப்பதற்கு அங்கே சாப்ட்வேரைப் போட்டார்கள். நாளைக்கு 5 லட்சத்துக்கு மேல் படிக்கும் என்று 2018இல் பெருமையாக அறிக்கையும் விட்டார்கள். அதே ஆபீஸ் நடத்திய செர்க்கோ கம்பெனி அதிகாரிகள் மேலிருந்த கேஸ், எதிரிகளுக்குக் காட்ட வேண்டிய தஸ்தாவேஜுகளைக் காட்டாததால் 2021 ஏப்ரலில் விசாரணை நடுவிலேயே விழுந்தது. வேறொரு லஞ்சக் கேசில் பெற்ற தண்டனைகளையும் அதே குறைக்காக அப்பீல் கோர்ட்டு ரத்துச் செய்தது. சாப்ட்வேர் வாங்கியதோடு காரியம் தீர்ந்து விடவில்லை என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

இதில் முக்கியமான ஒரு கஷ்டம் இருக்கிறது. சாப்ட்வேர் சரியாகத் தேடியதா என்று பார்ப்பதற்கு, அது வேண்டாமென்று ஒதுக்கிய குவியலிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்தது போல ஆயிரமோ இரண்டாயிரமோ எடுத்து மனிதர்கள் படித்துப் பார்க்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்தக் கணக்கு. பானை வெந்ததா என்று தெரிந்து கொள்ள இது போதும். ஆனால் பானையில் ஒரு கல் கிடக்கிறதா என்று ஒரு சோற்றை எடுத்துப் பார்த்துத் தெரிந்து கொள்ள முடியுமா? கம்பெனி வழக்கில் 100க்கு 80 பங்கு கிடைத்தால் போதும் என்று சொல்லலாம். கொலைக் கேசில் எதிரியை விடுவிக்கக்கூடியது ஒரே ஒரு கடுதாசியாய் இருக்கும். அது மீதி 20 பங்கில் கிடந்தால் அவனுக்கு 80 பங்கினால் என்ன பிரயோஜனம்?

அது மாத்திரமல்ல. இது எதிரிக்குச் சாதகமானது என்று எந்தக் கடுதாசியின் நெற்றியிலாவது எழுதி ஒட்டியிருக்கிறதா? பூதம் என்று ஒரு குழந்தை சொன்னதை எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவீர்கள்? பச்சை வண்டி என்பது உலகத்தில் சாதகமான வார்த்தையா, பாதகமான வார்த்தையா? ஒரு பஸ் டிக்கெட்டு இருக்கிறது. அது வெறும் காகிதம். அந்த நேரத்தில் நான் வேறு ஊரில் இருந்தேன் என்று எதிரி சொன்ன பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது. ஆகவே, எது சாதகம் என்பது எதிரியின் கதை தெரிந்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் சாப்ட்வேருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது யார்? சர்க்கார் தரப்பு. அவர்கள் குற்றவாளி இவன்தான் என்று முடிவு கட்டிக் கொண்டு அடையாளம் போட்டால், சாப்ட்வேரும் அந்த முடிவையே படித்துக் கொண்டு அதற்கேற்றதையே தேடித் தரும். ஆசிரியன் கோணலாய்ப் போட்ட கணக்கைப் பிள்ளை சாகிற வரையில் கோணலாய்ப் போடுவது போலத்தான்.

சரி, தேடுகிற தொல்லையே வேண்டாம், குவியலை அப்படியே எதிரியிடம் கொட்டி விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். என்ரான் கம்பெனித் தலைவராயிருந்த ஸ்கில்லிங் என்பவர் கேசில் பல பத்துக் கோடிப் பக்கங்களைக் கொட்டினார்கள். இது கொடுத்ததாகாது, புதைத்ததுதான் என்று அவர் அப்பீலில் சொன்னார். தேடக்கூடிய வடிவத்தில், அட்டவணையோடு, முக்கியமானவற்றின் ஜாபிதாவும் சேர்த்துக் கொடுத்திருப்பதால் பிசகில்லை என்று 2009இல் கோர்ட்டு சொல்லிவிட்டது. அவரோ பெரிய வக்கீல்களை வைத்துக் கொள்ளக் கூடியவர். கூலிக்காரன் ஒருவன் தலையில் இதைக் கொட்டினால் அவன் என்ன செய்வான்?

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். சாமியாடி சொன்னால் குறுக்கே பேசக்கூடாது என்கிற புத்தி நம்மவர்களுக்கு மாத்திரம் சொந்தமல்ல. சூட்டுப் போட்ட துரைமார்களுக்கும் உண்டு. இங்கிலாந்தில் தபாலாபீசுகளில் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையை 1999 முதல் வைத்தார்கள். அது கணக்கில் பணம் குறைவதாகக் காட்டிற்று. உடனே கிராமத் தபாலாபீஸ் நடத்துகிறவர்கள் திருடர்கள் என்று கேஸ் போட்டார்கள். 2015க்குள் 900க்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அதில் 700க்கு மேல் தபாலாபீஸ் நிர்வாகமே நேரில் நடத்திய கேசுகள். புகார் செய்வதும் அதுவே, விசாரிப்பதும் அதுவே, கம்ப்யூட்டரும் அதனுடையதே! கோளாறு கம்ப்யூட்டரில் என்று கதறியவர்களுக்கு, உங்கள் ஒருவருக்குத்தான் இப்படி என்று சொல்லப்பட்டது. உள்ளுக்குள் கோளாறுகளைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. அவற்றை எதிரிகளுக்குக் காட்டவில்லை. கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்ததென்றே முதலில் எடுத்துக் கொள்ள வேண்டும் என்று சட்டமும் அவர்கள் பக்கம் நின்றது. 2021 ஏப்ரலில் 39 பேர்களுடைய தண்டனையை அப்பீல் கோர்ட்டு ரத்துச் செய்தது. 2024இல் பார்லிமெண்டே ஒரு சட்டம் செய்து மற்றும் பல நூறு பேர்களின் தண்டனையை ஒரே அடியாக அழிக்க வேண்டி வந்தது. அதற்குள் சிலர் செத்தே போய்விட்டார்கள். ஆதலால், சாதகமான ருஜு ஒன்றுமில்லை என்று நாளைக்கு ஒரு சாப்ட்வேர் சொன்னால், அந்த "இல்லை" என்பதையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

எப்படிச் செய்வது என்கிறீர்களா? பெரிய வித்தை ஒன்றுமில்லை. என்ன வார்த்தைகளைப் போட்டுத் தேடினார்கள், யார் எவற்றைப் பார்த்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஒதுக்கியதில் எத்தனையை மனிதர் படித்தார்கள், அதில் எத்தனை தப்பு என்று எழுதி வைத்து எதிரி வக்கீலிடம் கொடுக்கட்டும். அதோடு, எதிரி தரப்பு தன்னுடைய கேள்வியை அதே குவியலில் அதே சாப்ட்வேரில் போட்டுத் தேடிப் பார்க்க இடங் கொடுக்கட்டும். புகார் செய்தவர்களின் சொந்த விஷயங்கள் வெளியே சிந்தாதபடி கோர்ட்டு காவல் வைக்கலாம், அது நியாயமே. ஒரு பெண்ணின் டெலிபோனை ஊர் முழுதும் படிப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இன்னும், சாப்ட்வேர் சுருக்கிச் சொன்னதை நம்பாமல் மூலக் கடுதாசியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால், இக்காலத்துப் பேசுகிற சாப்ட்வேர்கள் இல்லாததை இருப்பதாகவும் எழுதிவிடுகின்றன. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அப்படி அது கற்பித்துக் கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளைக் கோர்ட்டில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

நம் தேசத்துச் சங்கதி என்ன என்று முன்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். இங்கே போலீசார் தங்கள் கேசுக்கு ஆதாரமாக வைத்துக் கொள்பவற்றின் நகலை எதிரிக்குக் கொடுப்பது பழைய வழக்கம். ஆதாரமாக வைத்துக் கொள்ளாதது? அதற்குள்தானே சாதகம் ஒளிந்திருக்கும்? 2021 ஏப்ரலில் இந்திய சுப்ரீம் கோர்ட்டு, கைப்பற்றியும் கேசுக்கு வைத்துக் கொள்ளாத வாக்குமூலங்கள், தஸ்தாவேஜுகள், பொருள்கள் ஆகியவற்றின் ஜாபிதாவையும் எதிரிக்குக் கொடுக்க வேண்டுமென்று சொல்லியிருக்கிறது. ஜாபிதாவில் ஒரு டெலிபோன் என்று ஒற்றை வரி எழுதினால், அதற்குள்ளிருக்கும் 40,000 செய்திகளைப் பற்றி அந்த வரி என்ன சொல்லும்? உங்களில் யாருக்காவது கோர்ட்டுக் காரியம் வந்தால், இந்த ஜாபிதாவைக் கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை.

இவ்வளவுக்கும் பணத்துக்கு எங்கே போவது என்று பின்னாலிருந்து இன்னொரு தோழர் கேட்கிறார். சரியான கேள்வி. பிரேடி தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்னால், அதே 1963 மார்ச்சில், அதே கோர்ட்டு, வக்கீல் வைக்க வழியில்லாத எதிரிக்குப் பெரிய குற்றக் கேசுகளில் சர்க்காரே வக்கீலைத் தர வேண்டுமென்று கிடியன் என்ற ஏழையின் கேசில் சொல்லிற்று. அந்த மனிதர் ஜெயிலில் இருந்தபடி பென்சிலால் எழுதிய மனுவின் மேல் வந்த தீர்ப்பு அது. வக்கீலைச் சர்க்கார் செலவில் கொடுக்கலாமென்றால், அவர் தேடுவதற்கு வேண்டிய சாப்ட்வேரையும் அதை நடத்தத் தெரிந்த ஓர் ஆளையும் அதே செலவில் கொடுக்க ஆகாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. போலீசாருக்கு வாங்கியது எந்தப் பணத்தில்? வரிப்பணத்தில்தானே? அதில் எதிரியின் வரியும் சேர்ந்துதானிருக்கிறது.

மணியாகிவிட்டது என்று தலைவர் ஜாடை காட்டுகிறார். இன்னும் கேட்க வேண்டியவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்தால், தெரிந்த வரையில் சொல்லுகிறேன்.